பிசிறுக்கு முன்னே ஒரு விசில்

"மாமா, நீங்க உங்க நாயைக் கூப்பிட்டீங்களா?"

ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று எவரிஸ்தோவிடம் இப்படிக் கேட்டுப் பதினெட்டு வருடங்கள் ஆகின்றன. கேட்ட இடம், போர்கோவிட்டாலே ஊரின் ஓபரா அரங்கத்தை ஒட்டிய குறுகிய சந்து. அன்று அவருக்கு இருபத்தாறு வயது. மேல் கேலரியிலிருந்து இறங்கி வந்து, மேடையில் பாடிய பெண்ணைத் தான் எப்படி விசிலடித்து விரட்டினோம் என்று, வாயில் இரண்டு விரலை வைத்து நண்பர்களுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கவாட்டுக் கதவு திறந்தது. முகப்பூச்சைக் கூடக் கழுவாமல் ஒரு பெண் வெளியே வந்தாள். அவள் கையைப் பிடித்திருந்த குழந்தைதான் நின்று, அண்ணாந்து பார்த்து, அந்தக் கேள்வியைக் கேட்டது.

"ஆமாம்மா... என் நாய் தொலைஞ்சு போச்சு" என்றார் எவரிஸ்தோ.

நண்பர்கள் சிரித்தார்கள். குழந்தை சிரிக்கவில்லை. "ஐயோ பாவம்" என்றது.

மறுநாள் காலை தேவாலயப் பூசைக்குப் போன இடத்தில்தான் விஷயம் தெரிந்தது. அந்தக் குழந்தையின் அம்மாவான பாடகி ஸாய்ரா கடும் காய்ச்சலோடு மேடையேறியிருக்கிறாள். மாற்று ஆள் இல்லை. ஊர் ஏமாந்து திரும்பக் கூடாதே என்று பாடியிருக்கிறாள். அதன் பிறகு அவள் எந்த மேடையிலும் பாடவில்லை. சட்டை தேய்த்துக் கொடுத்துப் பிழைக்கிறாள். எவரிஸ்தோவும் அந்தக் கேலரியின் படிகளை அதன் பிறகு மிதிக்கவில்லை. துப்பறிவாளர் என்று பெயர்ப்பலகை மாட்டி, ஊரார் மறைத்ததையெல்லாம் கண்டுபிடித்தார். தன்னுடையதை மட்டும் மறைத்தே வைத்திருந்தார்.

அந்தக் குழந்தைக்கு இப்போது இருபத்து நான்கு வயது. பெயர் ஈரிதே. பக்கத்து நகரங்களான பார்மாவிலும் மோதெனாவிலும் சின்னச் சின்ன வேஷங்களில் பாடி, பத்திரிகைகள் பெயரை எழுதத் தொடங்கி, முதல் முறையாகச் சொந்த ஊரில் கதாநாயகியாக நின்றவள். புதன்கிழமை முதல் காட்சி. மூன்றாம் அங்கத்துப் பிரார்த்தனைப் பாட்டின் உச்ச சுரத்தில் மேல் கேலரியிலிருந்து ஒரு விசில். குரல் பிசிறியது. கூச்சல் எழுந்தது. பாட்டை முடிக்காமல் ஈரிதே உள்ளே ஓடிவிட்டாள்.

இன்று சனிக்கிழமை. நாளை ஞாயிறு பிற்பகல் இரண்டாவது காட்சி. அதைக் கேட்கவென்றே வியன்னாவிலிருந்து ஓர் அரங்கின் இயக்குநர் வருகிறார். ஈரிதேயோ, இனிப் பாடுவதில்லை என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பிவிட்டாள்.

"விசிலடிச்சவன் யாருன்னு சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரியணும்" என்றார் அரங்க நிர்வாகி பரூஃபி, எவரிஸ்தோவைத் தன் அறைக்கு அழைத்து. "எனக்கு மருந்துக்கடைக்காரர் மேலதான் சந்தேகம். அவர் மருமகதான் மாற்றுப் பாடகி. ஈரிதே ஒதுங்கினா வாய்ப்பு அவளுக்கு."

"தலைவலிக்கு மருந்து விக்கிறவர் தலைவலியவே விக்க ஆரம்பிச்சுட்டாரா?" என்றான் லேயார்கோ.

லேயார்கோ எவரிஸ்தோவின் உதவியாளன். பேருந்து நடத்துநராக இருந்தவன். பயணிகளிடம் வாய் கொடுத்தே வேலையை இழந்து, அந்த வாயை மூலதனமாக வைத்து இங்கே சேர்ந்திருந்தான்.

பரூஃபி ஓர் ஒலிநாடாவை ஓடவிட்டார். காட்சியன்று பதிவு செய்தது. எவரிஸ்தோ கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மறுபடி கேட்டார். மூன்றாம் தடவை, விசில் வந்த கணத்தில் மேசையை விரலால் தட்டினார்.

"லேயார்கோ, எது முதல்ல வருது? பிசிறா, விசிலா?"

"விசில்... அட! விசிலுக்கு அப்புறந்தான் பிசிறு." அவன் தாடையைச் சொறிந்தான். "அப்படின்னா குத்தம் நடக்கறதுக்கு முன்னாடியே போலீஸ் வந்துருச்சு. நம்ம ஊர் போலீஸ்ல அப்படி யாரும் கிடையாதே தலைவரே!"

"அதான் சொல்றேன், திடுக்கிட வெச்சிருக்கான்! மருந்துக்கடைக்காரர் வேலைதான்" என்றார் பரூஃபி.

விசில் சத்தம் என்றாலே எவரிஸ்தோவுக்கு ஆகாது. ஒலிநாடாவை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

---

கேலரியில் இடம் பிடிப்பது அந்த ஊரில் ஒரு தவம். முன்பதிவு கிடையாது. எர்சிலியாவின் புகையிலைக் கடையில் இருக்கும் நோட்டில் பெயர் எழுத வேண்டும். காலை ஆறு, நண்பகல், மாலை நான்கு என மூன்று வேளை ஆஜர் கூப்பிடுவாள். கூப்பிடும்போது 'இருக்கேன்' என்று குரல் வராவிட்டால் வரிசையின் வாலுக்குப் போக வேண்டியதுதான், மந்திரியானாலும் சரி.

இருவரும் கடைக்குள் காலை வைத்ததுமே எர்சிலியா அலறினாள்.

"வெளிய போடா! அந்தத் துண்டைக் கழட்டிட்டு உள்ள வா!"

லேயார்கோ திகைத்துத் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். ஊதா நிறக் கழுத்துத் துண்டு.

"அத்தை, இது என் மாமியார் பின்னிக் கொடுத்தது."

"உன் மாமியாருக்கு உன்மேல என்ன கோவமோ! காட்சி நடக்கற வாரத்துல அபசகுனமா ஊதாவோட அரங்கப் பக்கம் வருவானா ஒருத்தன்? ஏற்கனவே அந்தப் பொண்ணு படற பாடு போதாதா?"

துண்டு அவன் கோட்டுப் பைக்குள் போய் ஒளிந்துகொண்டது. அதன் பிறகே எர்சிலியாவின் பார்வை எவரிஸ்தோ பக்கம் திரும்பியது.

"எவரிஸ்தோவா! உன் பேரு என் நோட்டுல ஏறிப் பதினெட்டு வருஷம் ஆச்சேப்பா."

"நீங்க கேலரிக்காரரா தலைவரே? என்கிட்ட மூச்சு விடலையே?" என்றான் லேயார்கோ.

"அது பழைய கதை" என்றார் எவரிஸ்தோ, சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு. "அக்கா, புதன்கிழமை விசில் எங்கேருந்து வந்துச்சு?"

"மூணாவது வரிசை, இடது பக்கம். அதுக்கு மேல என்னைக் கேக்காதே. கேலரியில யாரும் யாரையும் காட்டிக் கொடுக்க மாட்டோம்." அவள் குரல் தாழ்ந்தது. "ஆனா ஒண்ணு சொல்றேன். அடிச்சவன் நம்ம வழக்கத்தை மிதிச்சுட்டான். பாடற சுரம் முடிஞ்சு, பாடறவங்க மூச்சு விட்ட பிறகுதான் நாங்க விசிலடிப்போம். என் அப்பா காலத்துலேருந்து அப்படித்தான். சுரம் காத்துல நிக்கறப்பவே அடிக்கறது, பூசை நடக்கும்போது பீடத்து மெழுகுவத்தியை ஊதி அணைக்கற மாதிரி. கேலரி மொத்தமும் எழுந்து நின்னு கத்துச்சு."

"வழக்கம் தெரியாத வெளியூர்க்காரனா இருக்கும்" என்றான் லேயார்கோ.

"வெளியூர்க்காரன் எவனும் என் நோட்டுல இல்ல. பாத்துக்கோ."

எவரிஸ்தோ நோட்டைப் புரட்டினார். மூன்றாவது வரிசை இடது பக்கம், நல்ல இடங்கள் போன பிறகு எஞ்சுவது; நாற்பதுக்கு மேற்பட்ட எண்கள். ஒவ்வொரு பெயராக விரல் நகர்ந்தது. நாற்பத்து நான்கில் நின்றது.

"நுல்லோவா? நாற்பத்து நாலாவதா? முதல் மூணு பேருக்குள்ள இல்லாம அவர் கேலரி ஏறுவாரா?"

"அதையே நானும் கேட்டேன். முந்தின நாளே சொல்லிட்டான், புதன்கிழமை கிடங்குல வேலை, வர முடியாதுன்னு. திடீர்னு காலைல ஒம்போதரைக்கு ஓடி வர்றான். மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி. 'என் பேரை எழுதிக்கோ எர்சிலியா'ங்கறான். ஆறு மணி ஆஜரைத் தவற விட்டவன் வாலுக்குத்தானே போகணும்? போனான்."

வெளியே வந்ததும் லேயார்கோ விரலைச் சொடுக்கினான்.

"முடிஞ்சுது! மருந்துக்கடைக்காரர் காலைல ஒம்பது மணிக்கு நுல்லோவைப் பாத்திருக்கார். என்ன கொடுத்தாரோ, ஆள் ஓடி வந்துட்டார்."

"நுல்லோ முப்பது வருஷமா கேலரியோட காது. அவர் தலையாட்டினாத்தான் மத்தவங்க கை தட்டுவாங்க. அவரை விலைக்கு வாங்க முடியாது."

"அப்படின்னா ஒம்பது மணிக்கு என்னதான் ஆச்சு?"

"அதுக்கு முன்னாடி" என்றார் எவரிஸ்தோ. "அந்தப் பொண்ணைப் பாக்கணும்."

வேறு யாரையாவது அனுப்பலாமா என்று யோசித்துப் பார்த்தார். லேயார்கோவின் வாயை நம்பித் தனியே அனுப்ப முடியாது.

---

கதவைத் திறந்தது ஸாய்ரா. கையில் ஒரு வெள்ளைச் சட்டை. அவள் பார்வை எவரிஸ்தோவின் முகத்தில் தேவைக்கு மேல் ஒரு கணம் நின்றது. பிறகு வழிவிட்டு, பக்கத்து அறைக்குத் தேய்க்கப் போய்விட்டாள். எவரிஸ்தோ தலையை நிமிர்த்தவில்லை.

ஈரிதே கழுத்தைச் சுற்றிக் கம்பளி கட்டி, தேன் கலந்த பாலை இரு கைகளாலும் பிடித்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். புதன் இரவிலிருந்து சத்தமாக ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

"நாளைக்கு ஓநாய் வாய்க்குள்ள போயிட்டு வாங்க!" என்றான் லேயார்கோ உற்சாகமாக. மேடையேறுகிறவரிடம் அங்கே வேறு வாழ்த்துச் சொல்லக் கூடாது. 'ஓநாய் சாகட்டும்' என்று பதில் வர வேண்டும்.

பதில் வரவில்லை. அவள் பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார் விசிலடிச்சாங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாம் ஐயா" என்று காற்றாகப் பேசினாள். "தப்பாப் பாடினேன், அடிச்சாங்க. மேடையிலேருந்து கேட்டேனே, எத்தனை பேர் கத்தினாங்க! இந்த ஊருக்கு என் குடும்பத்தோட குரல் ஒத்துக்காது. அம்மாவுக்கும் இப்படித்தான் ஆச்சு. அப்ப எனக்கு ஆறு வயசு. விசில்னா என்னன்னே தெரியாது. சந்துல ஒரு மாமா விசிலடிச்சுக் காட்டிக்கிட்டு இருந்தாரு. நாயைக் கூப்பிடறீங்களான்னு கேட்டேன். ஆமா, தொலைஞ்சு போச்சுன்னாரு."

எவரிஸ்தோ தன் தொப்பியின் விளிம்பைத் திருகினார்.

"நான் நம்பிட்டேன். பள்ளிக்கூடம் விட்டதும் தினம் பூங்காவுக்குப் போய்த் தேடுவேன். பைக்குள்ள ரொட்டித் துண்டு வெச்சிருப்பேன், கிடைச்சா பசியா இருக்குமேன்னு. ஒரு வாரம் தேடினேன்." அவள் லேசாகச் சிரித்தாள். "பெரியவளானப்புறந்தான் புரிஞ்சுது. அந்த நாயை நெனச்சா இப்பவும் வெக்கமா இருக்கு."

வெட்கப்பட வேண்டியவர் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். 'அது நான்தான்' என்ற சொல் நாக்கின் நுனி வரை வந்து திரும்பிப் போனது. பக்கத்து அறையில் தேய்ப்புப் பெட்டியின் சத்தம் நின்றிருந்ததை அவர் கவனித்தார். பிறகு அது மறுபடி நகர்ந்தது.

"புதன்கிழமை காலைல பாடிப் பாத்தீங்களா?" என்றார், தன் குரல் தனக்கே அந்நியமாக.

"ஏழு மணிக்கு, இந்த ஜன்னல்கிட்ட நின்னு. அந்தப் பிரார்த்தனைப் பாட்டு மட்டும் ஒரு தடவை. லேசா ஜலதோஷம் இருந்துச்சு, பரவால்லன்னு விட்டுட்டேன்."

"கீழே யாராவது நின்னாங்களா?"

"யார் நிப்பாங்க? இது பாலாடைக்கட்டிக் கிடங்குக்குப் போற வழி. அந்த நேரத்துல வண்டிதான் போகும்."

எவரிஸ்தோ எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். தெரு முனையில் கிடங்கின் சிவப்புக் கூரை தெரிந்தது.

"லேயார்கோ, வா" என்றார். "நுல்லோ அங்கே என்ன வேலை செய்யறார்னு உனக்குத் தெரியுமா?"

"கட்டியைத் தட்டிப் பாக்கறவர்."

"தட்டி, என்ன பண்ணுவார்?"

லேயார்கோ படியிலேயே நின்றுவிட்டான். "கேப்பார்..." என்றான்.

---

கிடங்கில் தரையிலிருந்து கூரை வரை பலகைகள். பலகை நிறைய, வண்டிச் சக்கரம் போல வட்ட வட்டமாகப் பார்மிஜானோ பாலாடைக்கட்டிகள். நுல்லோ ஒரு கட்டியைச் சின்ன வெள்ளிச் சுத்தியால் தட்டினார்; காதைச் சாய்த்துக் கேட்டார்; திருப்பி வைத்துத் தட்டினார். அறுபது வயது. வேலையை நிறுத்தாமலே பேசினார்.

"இதைப் பாரு எவரிஸ்தோ. வெளிய பாத்தா குறையே இல்ல. ஆனா உள்ள ஒரு இடத்துல வெடிப்பு. வெட்டினாத்தான் மத்தவங்களுக்குத் தெரியும். எனக்கு இப்பவே தெரியும்."

"புதன்கிழமை காலைல ஏழு மணிக்கும் அப்படித்தான் தெரிஞ்சுதா?"

சுத்தி அந்தரத்தில் நின்றது.

"ஜன்னலுக்குக் கீழே நின்னு கேட்டிருக்கீங்க. அந்த உச்ச சுரத்துக்கு அடியில வெடிப்பு இருந்துச்சு. ராத்திரி உடையும்னு உங்களுக்குத் தெரியும். அதனாலதான் உடையறதுக்கு முன்னாடியே உங்களால விசிலடிக்க முடிஞ்சுது. இந்த ஊர்ல வேற யாராலயும் அது முடியாது."

"தெரிஞ்சே அடிச்சாரா?" லேயார்கோவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சின்னப் பொண்ணு சார் அது! உடையப் போற பாத்திரத்தைக் கல்லால அடிச்ச மாதிரி..."

"பொறு" என்றார் எவரிஸ்தோ.

நுல்லோ ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"நல்ல குரல்டா அது. அதுல எந்தக் குறையும் இல்ல. வெறும் ஜலதோஷம். மூணு நாள் வாயை மூடி வெச்சிருந்தா போயிரும். ஒம்பது மணிக்கு அரங்கத்துக்கு ஓடினேன். இன்னிக்கு அவளைப் பாட விடாதீங்கன்னேன். காவல்காரன் சிரிச்சான். கேலரிக்காரங்க காட்சிக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டீங்களான்னான். அவ வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம். படி வரைக்கும் போனேன்... கால் வரல."

"ஏன்?"

நுல்லோ சுத்தியை மடியில் வைத்துத் துடைத்தார்.

"யோசிச்சுப் பாரு. குரல் தானா உடைஞ்சா இந்த ஊர் மன்னிக்குமா? 'குரல் உடைஞ்ச பொண்ணு'ன்னு கல்லறை வரைக்கும் பேசும். ஆனா சுரம் முடியறதுக்குள்ள ஒரு காட்டுமிராண்டி விசிலடிச்சா? கேலரி மொத்தமும் அவளுக்காக எழுந்திரிக்கும். விசிலாலதான் உடைஞ்சுதுன்னு பேசும். பழி அடிச்சவன் தலையில விழும். விழட்டும்னு நெனச்சேன். கேலரியும் அப்படித்தான் எழுந்துச்சு. என்னைத்தான் திட்டினாங்க, 'பாட விடுடா பாவி'ன்னு." அவர் சுத்தியைக் கீழே வைத்தார். "மேடையில நிக்கறவளுக்கு எல்லாக் கூச்சலும் ஒண்ணாத்தான் கேக்கும்னு எனக்குத் தோணல. அவ பயந்து ஓடுவான்னு நெனக்கவே இல்ல எவரிஸ்தோ. மறுபடியும் தப்புப் பண்ணிட்டேன்."

"மறுபடியும்னா?" என்றான் லேயார்கோ.

நுல்லோ அவனைப் பார்த்தார். பிறகு எவரிஸ்தோவைப் பார்த்தார்.

"சொல்லலையா நீ? அவ அம்மா காய்ச்சலோட பாடினாளே, அன்னிக்கு முதல் விசில் நான் அடிச்சேன். இந்தக் காதை வெச்சுக்கிட்டு, குரல்ல வெடிப்புன்னு கண்டுபிடிச்சேன். உடம்புல காய்ச்சல்னு கண்டுபிடிக்கல. நான் அடிச்சதைப் பாத்து ரெண்டாவது விசில்..."

"நான் அடிச்சேன்" என்றார் எவரிஸ்தோ.

லேயார்கோ வாயைத் திறந்தான். ஐந்து வருடத்தில் முதல் முறையாக அதிலிருந்து ஒரு வேடிக்கையும் வரவில்லை. அவன் வாசல் பக்கம் போய், கோட்டுப் பைக்குள்ளிருந்து துண்டை எடுத்து, அதைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தான்.

"என் பேரை அவகிட்ட சொல்லாதே" என்றார் நுல்லோ. "சொன்னா நன்றி சொல்ல வருவா. அவ அம்மாவை அடிச்சு விரட்டினவன், எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அந்த நன்றியை வாங்கறது?"

---

மாலை நான்கு மணிக்கு ஈரிதேயின் வீட்டுச் சமையலறை மேசையில் ஒலிநாடா ஓடியது. அவள் காதைப் பொத்திக்கொள்ளப் போனாள். எவரிஸ்தோ வேண்டாம் என்று கை காட்டினார்.

"ஒரே ஒரு தடவை. எது முதல்ல வருதுன்னு மட்டும் கேளுங்க."

கேட்டாள். நெற்றி சுருங்கியது. தானே கை நீட்டி மறுபடி ஓடவிட்டாள்.

"விசில்... முன்னாடி வருது."

"இப்ப கூச்சலைக் கேளுங்க. வார்த்தை வார்த்தையா."

குழம்பிய இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல், எர்சிலியாவுடையதாகவே இருக்க வேண்டும்: 'பாட விடுடா பாவி! பிள்ளையைப் பாட விடு!' இன்னொரு குரல்: 'வெளிய தள்ளுங்க அவனை!' அடுத்து ஒரு கிழவரின் குரல்: 'போகாதேம்மா, நில்லு!'

ஈரிதேயின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது.

"இது என்னைத் திட்டினது இல்லையா?"

"ஒருத்தர் கூடத் திட்டல. விசிலடிச்சவரும் உங்களை வெறுக்கறவர் இல்லம்மா. பேர் கேக்காதீங்க, வாக்குக் கொடுத்துட்டேன். உங்க தொண்டைக்கு அன்னிக்கு உடம்பு சரியில்ல. அந்தச் சுரம் எப்படியும் உடைஞ்சிருக்கும். அந்தப் பழியைத் தான் வாங்கிக்கணும்னு அவர் நெனச்சார். இப்ப மூணு நாளா நீங்க வாயைத் திறக்கல. மருத்துவர் சொல்லியிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். பாடிப் பாருங்க."

அவள் கம்பளியை அவிழ்த்தாள். ஜன்னலை நோக்கித் திரும்பி, மெதுவாக ஏறினாள். உச்ச சுரம் வந்தது. வெடிப்பில்லாமல், முழுசாக, புதுக் கண்ணாடிக் கோப்பை போல நின்றது. பக்கத்து அறையில் தேய்ப்புப் பெட்டி நின்றது. துணி கருகும் வாசனை வந்த பிறகுதான் அது நகர்ந்தது.

லேயார்கோ தொண்டையைச் செருமினான்.

"ஓநாய் வாய்க்குள்ள போயிட்டு வாங்க" என்றான், இந்த முறை தணிந்த குரலில்.

"ஓநாய் சாகட்டும்" என்றாள் ஈரிதே.

பரூஃபிக்கு எவரிஸ்தோ சொன்ன செய்தி சுருக்கமானது. மருந்துக்கடைக்காரர் நிரபராதி, நாளை ஈரிதே பாடுவாள், பெயர் மட்டும் கிடைக்காது. பரூஃபி கத்தினார். கத்தி முடிக்கும்வரை எவரிஸ்தோ நின்று கேட்டுக்கொண்டார். தெருவில் இறங்கியதும் லேயார்கோ சொன்னான்:

"தலைவரே, பேருந்துல ஒரு தடவை ஒரு கிழவியை நடுவழியில இறக்கி விட்டேன். மழை. சீட்டு எங்கேயோ வெச்சுட்டாங்க, நான் நம்பல. அப்புறம் அந்தச் சீட்டு இருக்கைக்கு அடியில கிடந்துச்சு." கொஞ்ச தூரம் நடந்தான். "அவங்க எந்த ஊருன்னு கூட நான் கேக்கல. உங்களுக்காவது அந்தம்மா வீடு எங்கேன்னு தெரியும்."

எவரிஸ்தோ அவன் தோளைத் தொட்டார்.

---

ஞாயிறு, விடிவதற்கு முன்பே எர்சிலியாவின் கடை வாசலில் எவரிஸ்தோ நின்றார். காட்சி பிற்பகல் என்பதால் ஆஜர் நேரங்கள் முன்னே தள்ளப்பட்டிருந்தன. ஐந்துக்கு ஒரு முறை, ஒன்பதுக்கு ஒரு முறை, ஒரு மணிக்கு ஒரு முறை. மூன்று தடவையும் 'இருக்கேன்' என்றார். நடுவில் பூசைக்குப் போய், கடைசி பெஞ்சில் முழங்காலிட்டுவிட்டு வந்தார். வரிசையில் நான்காவது எண். எந்த இடம் வேண்டும் என்று எர்சிலியா கேட்டாள்.

"மூணாவது வரிசை. இடது பக்கம்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.

மூன்று மணிக்கு ஊர் முழுக்க உள்ளே போய்விட்டது. லேயார்கோவை எவரிஸ்தோ கீழ்த்தளத்தில் உட்கார வைத்திருந்தார். சந்தில் ஈ காக்கை இல்லை. கேலரிப் படிகளுக்கான சின்னக் கதவுக்கு எதிரே, சுவரில் சாய்ந்து ஸாய்ரா நின்றுகொண்டிருந்தாள். கறுப்புக் கோட்டு, கையில் ஜெபமாலை. மகள் கொடுத்த முன்வரிசைச் சீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, புதன்கிழமையும் இங்கேதான் நின்றாளாம். அரங்கத்துக்குள் கால் வைத்துப் பதினெட்டு வருடம்.

எவரிஸ்தோ தொப்பியைக் கழற்றினார். வீட்டிலிருந்து புறப்படும்போது யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்று கூட நினைவில் இல்லை. சீட்டை நீட்டினார்.

"அம்மா... கேலரியில மூணாவது வரிசை, இடது பக்கம். விசில் வந்த இடம். புதன்கிழமையும் அங்கேருந்துதான், முன்னாடி ஒரு நாளும் அங்கேருந்துதான். நீங்க அங்கே உட்கார்ந்தா, அங்கேருந்து விசில் வராது."

ஸாய்ரா சீட்டைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள்.

"உங்க நாய் கிடைச்சுதா?" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரைத் தலை குனிய வைத்தது.

"இல்லம்மா" என்றார் எவரிஸ்தோ. "எனக்கு நாயே இருந்ததில்ல. அது நான் அடிச்ச விசில். உங்களைப் பாத்து அடிச்சது. அப்புறம் குழந்தைகிட்ட பொய் வேற சொன்னேன்."

உள்ளே வாத்தியங்கள் சுருதி சேர்க்கும் சத்தம் கேட்டது. ஸாய்ரா ஜெபமாலையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். கை நீட்டிச் சீட்டை வாங்கினாள்.

"படி நிறைய இருக்குமே" என்றாள்.

"தொண்ணூத்தி ரெண்டு. பாதியில ஒரு திண்டு உண்டு. அங்கே கொஞ்சம் உட்கார்ந்துக்கலாம்."

அவள் தலையசைத்துவிட்டுக் கதவுக்குள் போனாள். எவரிஸ்தோ சந்திலேயே நின்று அவள் காலடிகளை எண்ணினார். நாற்பத்தாறில் நின்றன. சற்றுக் கழித்து மறுபடி ஏறின. தொண்ணூற்று இரண்டு. மேலே ஒரு கதவு திறந்து, மூடியது.

முதல் அங்கம் போயிற்று. இரண்டாம் அங்கம் போயிற்று. வெயில் சுவரை விட்டு இறங்கியது. மூன்றாம் அங்கத்தில் பிரார்த்தனைப் பாட்டு தொடங்கியபோது அவர் பக்கவாட்டுக் கதவின் மரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டார். குரல் படிப்படியாக ஏறியது. உச்ச சுரம் வந்து, காற்றில் நின்று, தானாக முடிந்தது. பாடியவள் மூச்சு விட்டாள். கேலரி அதுவரை காத்திருந்தது. பிறகு இடி போல எழுந்தது.

அந்த முழக்கத்தில் சந்தில் தனியே ஒரு மனிதன் கை தட்டிய சத்தம் யாருக்கும் கேட்டிருக்காது.